கரும்பு ஏணியில் இரண்டு படி குறைவு

கோட்டைவாசல் சந்து
ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பலுபியின் ஸலாம். கடலுக்கு அந்தப் பக்கம், சமாரிந்தாவில் வெயில் எப்படி? உன் கடைவாய்ப் பல் எப்படி? இங்கே எல்லாரும் சுகம். உன் ஏப்ரல் மாதக் கடிதத்துக்கு ஜூனில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. நான்கு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் பேனா கிடைத்தால் காகிதம் கிடைக்காது. இரண்டும் கிடைத்தால் அவள் விழித்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். அரண்மனையில் சின்ன இளவரசிக்குக் கல்யாண நாள் குறித்துவிட்டார்கள். அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை. சந்தே பூரித்துப் போயிருக்கிறது. நான் மட்டும் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். கல்லூரியில் கணக்குப் படித்தவள், தப்பவில்லை. கினாசி பிறந்தது பிப்ரவரி 13. நம் வழக்கத்தில் முப்பத்தைந்து நாள் ஒரு மாதம், அது ஏழு சுற்று வந்தால் அதே அக்டோபர் 16. அவள் முதன்முதலாக மண் மிதிக்க வேண்டிய நாள்.

என் மாமனாரை உனக்குத் தெரியும். மற்ற வீடுகளில் மாமனாரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டுப் போகலாம். அரண்மனைச் சேவகர் வீட்டில் 'ரொமோ' என்றுதான் கூப்பிட வேண்டும். முப்பத்தோரு வருடமாக அரண்மனையில் தேநீர் கொண்டு கொடுக்கிறார். அன்றைக்கு வெற்றிலைப் பெட்டியை ஏந்திக்கொண்டு இளவரசியின் வண்டிக்குப் பின்னால் நடக்கப் போகிறார். அவர் மகன், என் வீட்டுக்காரர் ப்ரொதோ, வாரத்தில் ஆறு நாள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். அரண்மனையில் விசேஷம் வந்தால் உயரத் தொப்பி, கோடு போட்ட சட்டை, ஒட்டு மீசையோடு படைவீரர். அவரும் ஊர்வலத்தில். அப்புறம் மண் மிதிக்கும் சடங்கில் கினாசியைப் பிடித்துக் கரும்பு ஏணியில் ஏற்றுவது யார்? அப்பாதானே ஏற்ற வேண்டும்?

"உங்க பொண்ணா, இளவரசியா? ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே பொண்ணுங்கதானே" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நீ இவளை இன்னும் பார்க்கவில்லை. எப்போது வருகிறாய்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பலுபி


சமாரிந்தா
ஜூலை 4

தங்கச்சிக்கு,

அண்ணன் வர்சித்தோவின் ஸலாம். பல்லும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வேலைக்கு வந்து ஒன்றாகத் திரும்புகின்றன. நீங்கள் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவளை நீ பார்த்ததில்லை, உன்னை அவள் பார்த்ததில்லை. அதற்கு உன் மாமனார் பெட்டி தூக்குகிறார், உன் புருஷன் மீசை ஒட்டுகிறார், உன் பெண்ணுக்கு ஏணி ஏற ஆளில்லை. உன் பெண் மண் மிதிக்கிறாள் என்று அரண்மனையிலிருந்து யாராவது வந்து பந்தல் போட்டார்களா? இங்கே பலகைத் தொழிற்சாலையில் எங்களுக்கு ராஜாவும் கிடையாது, இளவரசியும் கிடையாது. மேஸ்திரி ஒருவன் இருக்கிறான், அவனையே நாங்கள் மதிப்பதில்லை.

சடங்கை அடுத்த நாள் வைத்துக்கொள். முடிந்தது விஷயம்.

மொத்தம் எத்தனை குதிரை வண்டி? போன தடவை மாதிரி வடக்கு வாசல் வழியாகவா, இல்லை உங்கள் சந்து வாசலைத் தொட்டுக்கொண்டா? படையில் சேர்க்கும்போது இன்னும் உயரம் அளக்கிறார்களா? சும்மா கேட்கிறேன்.

கினாசிக்கு முத்தம்.
வர்சித்தோ


கோட்டைவாசல் சந்து
ஜூலை 22

அண்ணா,

ஸலாம். இந்தத் தடவை பதினெட்டே நாளில் பதில், பார்த்தாயா? உன் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். குப்பி உடைந்திருந்தால் கடிதத்தையே முகர்ந்துகொள்.

அடுத்த நாளா? பிரசவம் பார்த்த மருத்துவச்சி பூ தூமியிடம்தான் சடங்கும் நடத்தச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, பிரசவ வலி எடுத்தப்போ அடுத்த நாள் பெத்துக்கறேன்னு சொன்னியா? புள்ளைக்குன்னு இருக்கிற நாள் அது. அதை மாத்த நீ யாரு, நான் யாரு?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அண்ணா, நம்பிக்கை இல்லாத விஷயத்துக்குப் பயப்படக் கூடாது என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஏழு நிறத்தில் ஒட்டரிசி மாவு உருண்டை செய்ய வேண்டும். ஏழு படி வைத்துக் கரும்பு ஏணி. கோழிக்கூண்டுக்குப் பூச்சுற்றி, உள்ளே பேனா, சீப்பு, மோதிரம், நெல் எல்லாம் போட்டு அவளை விட வேண்டும், எதை எடுக்கிறாளோ அதுதான் அவள் எதிர்காலம். அதுவரை ஒரு விரல்கூட மண்ணில் படாமல் இடுப்பிலேயே சுமக்கிறேன். இடுப்பு போய்விட்டது. ஆனால் கால் படவில்லை.

ப்ரொதோ தளபதியிடம் விடுப்புக் கேட்டார். தளபதி வேறு யாருமில்லை, பேருந்து நிலையத்தில் மிதிவண்டி நிறுத்துமிடம் வைத்திருப்பவர்தான். "நீ இல்லாட்டி உன் இடத்துல யாரு? முன்பல்லு விழுந்த வாயாட்டம் வரிசை போகட்டுமா?" என்று விரட்டிவிட்டாராம்.

ஊர்வலம் எங்கள் சந்து வாசல் வழியாகத்தான். ஒன்பது வண்டி. சந்துத் தலைவர் பா மர்யோ வீடு வீடாக வந்து, அன்றைக்குத் தெருவைப் பார்த்து யாரும் துணி காயப்போடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைத் துணி, என்றார்.

"இளவரசியும் நாளைக்குப் புள்ள பெறப் போறவங்கதானே, பார்த்துப் பழகட்டுமே" என்றேன்.

"இப்படியெல்லாம் பேசாதேம்மா, சுவருக்கு வேற புதுசா வெள்ளையடிச்சிருக்கு" என்றார். சுவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ.

உயரம் இன்னும் அளக்கிறார்களாம். ஏன் கேட்டாய்? எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

பலுபி


சமாரிந்தா
ஆகஸ்ட் 8

பலுபிக்கு,

ஸலாம். குப்பி உடைந்துதான் வந்தது. கடிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன், கொஞ்சம் தேவலை. உன் இடுப்புக்குச் சூடாக எண்ணெய் தேய்.

ஒன்பதா? போன தடவை ஏழுதான். ஆடம்பரம் கூடிப் போச்சு. இளவரசி வண்டிக்கு எந்தக் குதிரை? சாம்பல் நிறமா, செம்பட்டையா? சாம்பல் என்றால் அது வழியில் நிற்கும், அதன் பரம்பரையே அப்படி. இதெல்லாம் எனக்குத் தேவையில்லாத விஷயம். கூட இருக்கிற பயல்கள் கேட்கிறார்கள், அதனால் கேட்கிறேன். சாப்பாட்டு அறையில் டிவி இருக்கிறது. நேரடியாகக் காட்டுவார்களாம். நான் பார்க்க மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

உன் பிரச்சினைக்கு ஒரு வழி சொல்கிறேன். சடங்கைச் சந்து வாசலிலேயே வைத்துவிடு. அப்பன்காரன் அந்த வழியாகத்தானே மீசையோடு போகப் போகிறான்? போகிற போக்கில் பார்த்துக்கொள்ளட்டும். ராஜகாரியமும் ஆச்சு, வீட்டுக்காரியமும் ஆச்சு.

லீவு விஷயமாக மேஸ்திரியிடம் இன்னும் பேசவில்லை.

வர்சித்தோ


கோட்டைவாசல் சந்து
ஆகஸ்ட் 27

அண்ணா,

ஸலாம். நலம். எல்லாரும் நலம். கினாசியும் நலம், ரொம்ப நலம்.

நீ கேலியாகச் சொன்னதை இங்கே எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பா மர்யோ மட்டும் கூண்டை வெளியில் வைத்தால் தெருவில் கோழி வளர்ப்பது போலத் தெரியுமே என்று கவலைப்பட்டார். பூச்சுற்றிய கூண்டு என்றதும் சமாதானமானார். இளவரசி வண்டிக்குச் சாம்பல் குதிரைதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அரண்மனை முற்றத்தில் முதல் ஒத்திகை. ப்ரொதோ இடுப்புக் கச்சையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொடுக்கப் போனேன். வாசலில் காவல்காரர் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

வெயில் அதிகமாக இருந்தது. உன் பல் எப்படி இருக்கிறது?

சடங்குக்கு முன்னாலேயே ஒரு குழந்தையின் கால் மண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அம்மா சொல்வாள்? உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டில் ஒரு பேச்சு வந்தது. சும்மா கேட்கிறேன்.

பலுபி


சமாரிந்தா
செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

ஸலாம். பல் தாடை முழுக்கச் சொந்தம் கொண்டாடுகிறது. மற்றபடி நலம்.

எதிர்வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல். சடங்குக்கு முன்னால் மண் மிதித்த பிள்ளை வீடு தங்காது, கடல் தாண்டிப் போய்விடும் என்பாள் அம்மா. அவளுக்கு அனுபவம் உண்டு. அந்தப் பிள்ளை நான்தான்! ஆறு மாதத்திலேயே அவள் இடுப்பிலிருந்து நழுவி முற்றத்தில் இறங்கிவிட்டேனாம். பார், இன்றைக்குக் கடல் தாண்டிப் பலகை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அம்மா இருந்த வரைக்கும் என் கடிதம் வரும்போதெல்லாம் என் காலைத்தான் திட்டுவாளாம்.

அதனால் அந்தக் குழந்தைக்கு இப்போதே ஒரு நல்ல பெட்டி வாங்கி வைக்கச் சொல்.

ஒத்திகையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். குதிரை எப்படி நடந்தது?

வர்சித்தோ


சமாரிந்தா
செப்டம்பர் 24

பலுபி,

பத்தொன்பது நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ தாமதிப்பவள்தான். ஆனால் தாமதித்தாலும் எப்போது வருகிறாய் என்று ஒரு வரி கேட்பாய். போன கடிதத்தில் அது இல்லை. இன்று சாப்பாட்டு அறையில் அதை மறுபடி படித்தேன்.

எதிர்வீட்டில் குழந்தையே கிடையாதே.

எந்த இடத்து மண்?

அண்ணன்


கோட்டைவாசல் சந்து
அக்டோபர் 3

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றே பதில் எழுதுகிறேன். என் ஆயுளில் முதல் தடவை.

அரண்மனை மண்.

காவல்காரர் "இங்க எல்லாரும் வெறுங்காலோடதான் போகணும்மா" என்றார். என் செருப்பைக் கழற்றினேன். அரண்மனையாயிற்றே, மரியாதைக் குறைவாகிவிடப் போகிறதே என்று ஒரே பதற்றம். அந்தப் பதற்றத்தில் கினாசியின் காலுறையையும் உருவினேன். 'எல்லாரும்' என்றாரே! அந்த எல்லாரிலும் இவளைச் சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். அதோடு விட்டேனா? என் துணி மடிப்பு அவிழ்ந்துபோயிற்று. அதைச் சரிசெய்ய இவளை இறக்கி, முழங்கால்களுக்கு நடுவில் நிற்க வைத்துக்கொண்டேன். முற்றத்துக் கறுப்பு மணலில். வெறுங்காலோடு. அவள் சிரித்தாள். இரண்டு காலாலும் தாட் தாட் என்று மிதித்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆறரை மாதம் இடுப்பு ஒடியச் சுமந்தேன் அண்ணா. அரை நிமிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளப் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அன்று ரொமோ தேநீர்த் தட்டோடு தூணோரம் நின்றிருந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, அரண்மனையில் அதற்குத்தான் பழக்குகிறார்கள்.

அப்புறம் உன் பதில் வந்தது, கடல் தாண்டும் கதையோடு. அன்றிலிருந்து பார்க்கிறேன், கினாசி எப்போதும் ஜன்னல் பக்கமே திரும்புகிறாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் கையைக் கையைத் தட்டுகிறாள். நீ போனபோது அம்மா வாசலில் நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறு வருடமாகப் போகிறது. எனக்கு இருப்பது ஒரே குழந்தை.

ஏற்கெனவே மிதித்தவளை முதல் தடவையாக மிதிக்கிறாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாமா? அதுவும் அப்பா இல்லாமல்?

பலுபி


தந்தி
சமாரிந்தா, அக்டோபர் 13

ரொமோவிடம் சொல். அரண்மனை மண்ணுக்கு அவரே பொறுப்பு. நான் கடல் தாண்டியதற்குக் காரணம் மண் இல்லை. வர்சித்தோ


கோட்டைவாசல் சந்து
அக்டோபர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம், ஸலாம், ஸலாம். பல் எப்படி என்று கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைக் கேள்.

தந்தி திங்கட்கிழமை மதியம் வந்தது. ரொமோ தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலைப்பாகையைத் திருப்பினார், இந்தப் பக்கமும் கஞ்சி தடவினார், உலர்த்தினார். "ம்" என்றார். அவ்வளவுதான். விடிகாலையில் இரண்டு ஆண்களும் கிளம்பிப் போய்விட்டார்கள். ப்ரொதோ மட்டும் திரும்பி வந்து, தூங்குகிற குழந்தையின் பாதத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, மீசையைச் சரிசெய்துகொண்டு போனார். எனக்கு அழுகையும் வந்தது, அந்த மீசையைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

சந்து வாசலில் எல்லாம் தயார். பூ தூமி, மாவு உருண்டை, கூண்டு, ஏணி. அவள் மிதிக்க வேண்டிய மண் தட்டு மட்டும் காலி. தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டப் போனேன். "உன் மாமனார் காலையில சொல்லிட்டுப் போனாரு, தட்டைக் கழுவி வெறுமனே வெக்கணுமாம்" என்றார் பூ தூமி. என் பெண்ணுக்கு மண்ணே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாரோ?

பத்து மணிக்கு ஊர்வலம் வந்தது. படைவீரர்கள், அப்புறம் வண்டிகள். நீ சொன்னாயே, சாம்பல் குதிரை நிற்கும் என்று? நின்றது. நின்றதோடு விட்டதா? கழுத்தை நீட்டி எங்கள் ஏணியைக் கடித்தது! கீழ்ப் படியைக் கறக் கறக் என்று மென்று முடித்து இரண்டாவது படிக்குப் போனது. வண்டியோட்டி கெஞ்சுகிறார். பா மர்யோ குதிரையைப் பார்த்து அரண்மனை மொழியில் மரியாதையாக, "தயவுசெய்து தாங்கள் எழுந்தருள வேண்டும்" என்கிறார். அதற்குக் கரும்பு மொழிதான் தெரியும். முன்னால் போன படை, பின்னால் வந்த எட்டு வண்டி, எல்லாம் நின்றுவிட்டது. படையின் கடைசி வரிசையில், என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, என் புருஷன். அசையக் கூடாது. நேராகப் பார்க்க வேண்டும். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

இளவரசியைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இவளால்தானே என்று நான்கு மாதமாக மனதுக்குள் அவளை என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். நெற்றி முழுக்கக் கறுப்பு அலங்காரம், தலையில் அத்தனை பொன். சிரித்தால் முகப்பூச்சு வெடித்துவிடும் என்று உதட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் கண் எங்கள் மாவு உருண்டைக்குப் போனது. அங்கேயே நின்றது. விடிகாலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருக்கிறது. குதிரைக்காவது வாயைத் திறந்து கடிக்க முடிந்தது, பாவம்.

அப்போதுதான் ரொமோ வரிசையிலிருந்து வெளியே வந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. வெற்றிலைப் பெட்டியை இடக்கையில் ஏந்தியபடியே, வலக்கையால் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்துத் தட்டில் கொட்டினார். கறுப்பு மணல்.

அரண்மனையில் உதிர்ந்த பூவைக்கூட எடுத்து வராத மனிதர்.

"ரொமோ, அவ ஏற்கெனவே இதை..."

"அன்னிக்கு நடந்தது ஒத்திகை" என்றார், உதடு அசையாமல். "ஒத்திகையில எந்த இளவரசிக்கும் கல்யாணம் ஆகிடாது. இன்னிக்குத்தான் கணக்கு. இறக்கு."

இறக்கினேன். அதே தாட் தாட். பூ தூமி ஏணியைத் தூக்கிவந்து ப்ரொதோவின் பக்கத்தில் நிறுத்தினார். மிச்சம் ஐந்து படி. ப்ரொதோ நேராகப் பார்த்தபடியே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார். கினாசி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள், அவள் இடுப்பை நான் தாங்கிக்கொண்டேன்.

"வலது கால் முதல்ல" என்று தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

ஐந்தாவது படியில் அவள் உயரத்துக்கு அவர் முகம் வந்தது. கூண்டு, பேனா, மோதிரம் எதற்கும் நேரமில்லை. அப்பாவின் மீசையைப் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது. மீசையை எடுத்தால் என்ன எதிர்காலம் என்று கேட்டேன். "என் பட்டியல்ல இல்லம்மா" என்றார் பூ தூமி.

குதிரை கிளம்பியது. அப்பா மீசையில்லாமல் ராஜநடை போட்டுப் போனார். ரொமோ வரிசைக்குள் போய்விட்டார். மாவு உருண்டை இரண்டை இலையில் சுற்றி அவர் கையில் திணித்திருந்தேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மாலையில் வந்து, "சாப்பிட்டாங்க. பச்சை நிறத்தது நல்லா இருந்துச்சாம்" என்றார். அவ்வளவுதான்.

பல் எப்படி? உன்னைக் கடல் தாண்ட வைத்தது மண் இல்லை என்றால், பின்னே எது?

பலுபி


சமாரிந்தா
அக்டோபர் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸலாம். பல்லைப் பிடுங்கியாச்சு. அந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தேடுகிறது. எல்லாரும் சுகம் என்று கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

நான் டிவி பார்க்கவில்லை. டிவி இருந்த அறையில் இருந்தேன், அவ்வளவுதான். திடீரென்று திரையில் குதிரை, கரும்பு, மஞ்சள் துணியில் நீ. அறிவிப்பாளர் ஏதோ சின்னத் தாமதம் என்கிறார். "என் தங்கச்சி! அது என் மருமக!" என்று பெஞ்சு மேல் ஏறிக் கத்தினேன். ஒருத்தனும் நம்பவில்லை. அரண்மனை என்றாலே காறித் துப்புகிற ஆளாச்சே நான். அப்புறம் அவள் மீசையைப் பிடுங்கினாள் பார், அறையே எழுந்து நின்று கைதட்டியது. மேஸ்திரி உட்பட.

நீ கேட்டாய் அல்லவா? எழுதிவிடுகிறேன். அந்தப் படையில் சேர நானும் போனேன். ப்ரொதோ போன அதே நாள். சுவரில் கோடு போட்டு அளந்தார்கள். மூன்று விரல் குறைந்துவிட்டது. அதற்கு முன்பே சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன், அம்மா சட்டைக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் கப்பல் ஏறினேன். பாவம் என் கால், வீணாகத் திட்டு வாங்கியது.

தட்டில் அந்த மணல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதே. இந்த ஆறு வருடத்தையும் ஒத்திகைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ரொமோவிடம் கேட்டு வை.

மேஸ்திரி லீவு கொடுத்துவிட்டான். கப்பல் டிசம்பர் 10. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவேன்.

அண்ணன்
வர்சித்தோ

பச்சை உருண்டை எனக்கும் வேண்டும். பல் இல்லாத பக்கமாக மென்றுகொள்கிறேன்.